கேலண்டர் மாட்டிய ஆணி

பிப். 19, வியாழன்

காலையில் குளிர். ஒன்பதுக்கே வெயில் சுள்ளென்று. வாங்க வேண்டியவை: குழாய்க்கு வாஷர், பல்பு ஒன்று, கொசுவத்தி.

இந்த ஊருக்கு வந்து நாலு மாதம். பூதிகோட்டை தாண்டி இன்னும் உள்ளே. பஸ் நாளைக்கு மூன்று முறைதான். இருபத்தாறு வருஷம் பெங்களூருக்கு ரயிலில் நின்றுகொண்டே வேலைக்குப் போய் வந்தவனுக்கு இந்த அமைதி எவ்வளவு கிடைத்தாலும் போதவில்லை. மாமரம் பூத்திருக்கிறது. மத்தியானம் ஒரு சத்தம் கிடையாது. ஊரிகம் தங்கச் சுரங்கத்து லைன் வீட்டில் பக்கத்து வீட்டுக்காரன் தும்மினால் நம் வீட்டுக் குழந்தை எழுந்துகொள்ளும்.

வீட்டுச் சொந்தக்காரி ரத்னம்மா புதுப் புளி ஒரு உருண்டை கொடுத்தாள். போன மாதம் காய்ச்சலில் கிடந்தபோது மூன்று நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தவள். தங்கமான மனுஷி. அதுதான் உறுத்துகிறது.

பிப். 20, வெள்ளி

கௌதமி அக்கா போன். எடுத்ததும் வழக்கம்போல, "ஜெய்பீம்டா தம்பி." எங்கள் வீட்டில் யாரும் ஹலோ சொன்னதில்லை. அப்பா காலத்துப் பழக்கம். ரத்னம்மா முற்றத்தில் புளி தட்டிக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரைச் சட்டென்று அணைத்துவிட்டு, "ம்... சொல்லுக்கா" என்றேன்.

"படம் மாட்டினியா?"

"சுவரு கல்லாட்டம் கீதுக்கா. ஆணி எறங்க மாட்டேங்குது."

பொய். ஆணி முன்பே இருந்தது. அதில் மளிகைக்கடை கேலண்டர் தொங்குகிறது. நீலக் கோட்டு, கண்ணாடி, கையில் புத்தகம் என்று அப்பா முதல் போனஸில் வாங்கிய படம். லைன் வீட்டுச் சுவரிலிருந்து கழற்றி அக்கா எனக்குக் கொடுத்தாள். இங்கே பெட்டிக்குள், போர்வைக்கு அடியில், குப்புற.

குடிவந்த அன்று ரத்னம்மா கேட்டாள், "நீங்க எந்த ஜனம் அண்ணா?" எங்கள் பக்கம் உங்கப்பா எந்தச் சுரங்க ஷாஃப்ட் என்றுதான் கேட்பார்கள். மடையன், "மைன்ஸ் ஜனம்மா" என்றேன். சிரித்தாள். அவளே ஒரு ஜாதிப் பெயரைச் சொல்லி, "அவங்கதானே?" என்றாள். நான் தலையாட்டவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. இளித்தேன். சாவியைக் கையில் கொடுத்தாள்.

பிப். 21, சனி

வாஷர் மாற்றியாயிற்று. சொட்டு நிற்கவில்லை.

அக்கா நாளைக்கு வருகிறாளாம். நாலு மாதமாகத் தள்ளிப்போட்டேன். மழை, பெயின்ட், முதுகுவலி. சாக்கெல்லாம் தீர்ந்துவிட்டது. அம்மா போன பிறகு என்னைத் தூக்கி வளர்த்தவள். அறுபத்தாறு வயதில் முட்டிவலியோடு இரண்டு பஸ் மாறி வரப்போகிறாள். எனக்கோ அவள் வருவது பயமாக இருக்கிறது. சீ, என்ன பிறவி நான்.

படத்தை வெளியே எடுத்தேன். துடைத்தேன். திரும்ப வைத்துவிட்டேன்.

பிப். 22, ஞாயிறு

மேகமூட்டம். பதினோரு மணி பஸ்ஸில் அக்கா. வெள்ளைப் புடவை, தோளில் பை. வாசற்படி ஏறும்போதே "ஜெய்பீம்டா!" என்றாள். என் கண் ஜன்னல் பக்கம் போயிற்று. அவளும் அங்கே பார்த்தாள். முற்றத்தில் யாரும் இல்லை.

"இன்னாடா, ஊடு ஜோரா கீது. நல்லா காத்து வருது. எனுக்கே இங்க வந்துடலாம் போல கீது."

பையிலிருந்து ஒரு பொட்டலம். ராபர்ட்சன்பேட்டையில் வாங்கியது. கான்கிரீட் ஆணி, நாலு.

"எந்தச் சுவத்துலயும் எறங்கும்னான் கடைக்காரன். சுத்தி எட்த்தா."

அப்போதுதான் கேலண்டரைப் பார்த்தாள். ஒற்றை விரலால் தூக்கி அடியில் இருந்த ஆணியைப் பார்த்தாள். விட்டுவிட்டாள். பொட்டலத்தை அலமாரியில் வைத்தாள். நாலு அறை அறைந்திருக்கலாம்.

ரத்னம்மா காபி கொண்டுவந்தாள். "அக்காவா? ஒரே முகம்!" பிறகு அதே ஜாதியைச் சொல்லி, "எங்க ஊர்ல உங்க ஜனம் யாரும் இல்லம்மா, இவருதான் மொத ஆளு" என்றாள்.

அக்கா என்னைப் பார்த்தாள். அவசரமே படாமல், நான் வாயைத் திறக்க நேரம் கொடுத்துக்கொண்டு பார்த்தாள். நான் டம்ளரைப் பார்த்தேன்.

"எங்க தம்பி சொன்னதுதாம்மா" என்றாள் அக்கா.

அவள் வாயால் அதைச் சொல்ல வைத்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது சொன்னாள், "நல்ல பொம்பளடா, ரத்னம்மா. அந்தப் படத்த குட்த்துடு. அங்க லைன் ஊட்டு சுவத்துல அந்த எடம் மட்டும் வெளுப்பா கீது, பாக்கவே நல்லால்ல."

கொடுத்தேன். பழைய பேப்பரில் சுற்றி, நூல் கட்டிக் கொடுத்தேன். பஸ் ஏற்றிவிட்டு "பாத்துப் போக்கா" என்றேன். நிறுத்தத்தில் ஊர்க்காரர்கள் நாலைந்து பேர். வேறு எதுவும் வாயில் வரவில்லை. பஸ் நகரும்போது ஜன்னலில் தெரிந்தாள். மடியில் வைத்துப் பேப்பரைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

பிப். 23, திங்கள்

வெயில். குழாய் இன்னும் சொட்டுகிறது. காலையில் சாப்பிடப் பிடிக்கவில்லை. இந்த அமைதியில் அந்தச் சொட்டு மட்டும் கேட்கிறது.

பத்து மணிக்கு அக்காவுக்குப் போன் போட்டேன். ரத்னம்மா முற்றத்தில்தான் இருந்தாள், புளியோடு. இருக்கட்டும். இன்றைக்கு நான் முந்திக்கொண்டு ஜெய்பீம் சொல்லிவிட வேண்டும், சத்தமாகவே. ஸ்பீக்கரைப் போட்டேன். ரொம்ப நேரம் மணி அடித்தது. எடுத்தாள்.

"ஹலோ" என்றாள் அக்கா.