மணி கேட்டவர்கள்

மார்ச் 3, செவ்வாய்
மற்ற கம்ப்யூட்டர்களுக்குச் சரியான மணி சொல்லும் எங்கள் கல்லூரி நேர சர்வரிடம் நேற்று மட்டும் நாற்பது லட்சம் தடவை மணி கேட்டிருக்கிறார்கள்! போன மாதம் ஒரு நாளைக்கு நானூறைத் தாண்டியதில்லை. நான் தனியாளாகக் கட்டிக் காக்கும் பழைய டப்பா அது. உலகமே என்னிடம்தான் மணி கேட்கிறது போலிருக்கிறது. நூலகரிடம் பெருமையாகச் சொன்னேன். "ஏன், அவங்க வீட்ல கடிகாரம் இல்லையா?" என்றார். ரசனை இல்லாத மனுஷன்.

மார்ச் 4
மனைவி வீடு திரும்ப எட்டரை ஆகிவிட்டது. பஸ் டிக்கெட் பதிவு நிறுவனத்தில் புகார்ப் பிரிவு அவளுக்கு. மூன்று நாளாக யாரோ தகவலை வெள்ளமாக அனுப்பி அவர்கள் இணையதளத்தை முடக்கிப் போட்டிருக்கிறார்களாம். டிக்கெட் கிடைக்காதவர்கள் போனில் இவளைக் காய்ச்சி எடுக்கிறார்கள். தொண்டையே கட்டிவிட்டது.

"எவன் செஞ்சானோ, கைல கெடைச்சா தோலை உரிச்சிடணும்" என்றேன். இப்படிப்பட்ட தாக்குதல் எத்தனை வகை என்றும் விளக்க ஆரம்பித்தேன்.

"ஒண்ணு கேட்டா ஒம்பது சொல்லாதீங்க. பசிக்குது."

மார்ச் 5
நாற்பத்தைந்து லட்சம்!!

மார்ச் 6, வெள்ளி
காலையில் ஒரு மின்னஞ்சல். 'உங்கள் நேர சர்வரிலிருந்து எங்கள் மீது தாக்குதல் வருகிறது. உடனே நிறுத்தவும்.' அடியில் மனைவி வேலை பார்க்கும் நிறுவனத்தின் பெயர்.

முதல் தடவையாக, கேட்பது யார் என்று பார்த்தேன். நாற்பத்தைந்து லட்சம் கேள்விக்கும் அனுப்புநர் முகவரி ஒன்றுதான் — அவர்களுடையது. எவனோ படுபாவி அவர்கள் முகவரியைப் போட்டுக் கேட்கிறான், என் டப்பா பதிலை அவர்கள் தலையில் கொட்டுகிறது. மணியையும் கேட்கவில்லை அவன். 'கடைசியாக உன்னிடம் மணி கேட்ட அறுநூறு பேர் யார்?' என்கிறான். ஒரு வரிக் கேள்வி, நூறு பக்கப் பதில்.

அந்தப் பட்டியலை மூடி வைப்பதுதான் வழக்கம். திறந்து வைத்தது யார்? நான்தான். எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று பார்த்துப் பூரிக்க!

மூடினேன். இனி எங்கள் கட்டட மெஷின்களுக்கு மட்டுமே பதில். மென்பொருளையும் புதுப்பித்தேன். நாலு வருஷம் தள்ளிப்போட்ட வேலை, இருபது நிமிஷம்.

மாலை ஆறுக்கே வந்துவிட்டாள். "இருபத்து மூணு எடத்துலேர்ந்து வந்துச்சாம். முக்காவாசிப் பேர் நிறுத்திட்டாங்க" என்றாள். "அப்படியா" என்றேன்.

"என்ன, இன்னிக்கு விளக்கம் ஒண்ணும் இல்லையா?"

மார்ச் 7
உப்புத் தண்ணீரில் தொண்டையைக் கொப்பளிக்கிறாள். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வெட்கமாக இருக்கிறது. சொல்லிவிடலாமா? தோலை உரிக்கணும்னு சொன்ன வாயாச்சே — யார் தோலை?

மார்ச் 8, ஞாயிறு
துணி மடித்துக்கொண்டிருந்தாள். போய் நின்றேன்.

"அது நான்தான்."

"தெரியும். லிஸ்டுல உங்க காலேஜ் ரெண்டாவது. இருபத்து மூணு பேருக்கும் மெயில் போட்டதே நான்தான்."

"அப்பறம் ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன்."

மடிக்காத துணி மொத்தத்தையும் என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போனாள்.

மார்ச் 9
நேற்று மணி கேட்டவர்கள்: இருநூற்றுப் பன்னிரண்டு. எல்லாம் எங்கள் கட்டடத்து மெஷின்கள்.

ஒரு மின்னஞ்சலும் வந்தது. 'புகார் எண் 2 முடிக்கப்பட்டது. விரைந்து சரிசெய்ததற்கு நன்றி. ஒப்புக்கொள்ள இரண்டு நாள் எடுத்துக்கொண்டதையும் குறித்துக்கொண்டோம். — புகார்ப் பிரிவு.'

நீளமாக ஒரு விளக்கம் எழுதினேன். அழித்துவிட்டு, 'சரி' என்று மட்டும் அனுப்பினேன்.