கண்ணாடிக் குண்டின் அடியில் குங்குமம்

அடியே,

என் ஆள்காட்டி விரல் இன்னும் சிவப்பாக இருக்கிறது. ஆயுத பூஜைக் குங்குமம். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள் கையில் குங்குமமா என்று நீ வாயைப் பிளப்பாய். நன்றாகப் பிள. நாம் ஜெயித்துவிட்டோம்!

உன் கண்ணாடிக் குண்டு இப்போது என் மேசையில் இருக்கிறது. பாலோ ரப்பர் தோட்ட அலுவலகத்தில் உன் அப்பா கணக்கெழுதும் கிராணியாக இருந்தபோது, காகிதம் பறக்காமல் இருக்க வைத்த அதே பேப்பர்வெயிட். உள்ளே நெருக்கமாக வண்ணப் பூக்கள். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சொந்த ஊருக்குத் திரும்பும்போது அப்பாவுக்கே கொடுத்துவிட்டுப் போனாராம். ஆயுத பூஜை வந்தால் அப்பா அதற்கும் பொட்டு வைப்பார். மேலே வைத்தால் பூ மறைந்துவிடும் என்று அடியில்தான் வைப்பார். அவருக்குப் பிறகு நீ வைத்தாய்.

அந்தப் பொட்டுதான் உன் மானத்தை வாங்கியது. ஜொகூர் பாருவில் பழம்பொருள் சேகரிப்போர் சங்கக் கூட்டத்துக்குப் புதுப் புடவை கட்டிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். தலைவர் குண்டைக் கவிழ்த்தார். வருஷா வருஷம் வைத்த பொட்டு பரவி, அடியிலிருந்த கீறல்களிலெல்லாம் சிவப்பு.

"இது பழசு இல்லம்மா. உப்புத்தாள் போட்டுத் தேச்சு சாயம் ஏத்தியிருக்காங்க. பழசு மாதிரி காட்டுற வேலை லா," என்றார்.

"சாயம் இல்ல சார், குங்குமம்," என்றாய். கூட்டமே சிரித்தது. பெர்மாஸ் ஜெயாவில் உன் வீட்டு வாசலில் காரைவிட்டு இறங்கியதும், "எங்கப்பா பொய்யான பொருளையாடி எங்கிட்ட கொடுத்துட்டுப் போனாரு?" என்று கேட்டாய். அதன்பின் அதை யாருக்கும் காட்டவில்லை. உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று உன் மகள் அதை என் கையில் வைத்து, "ஆன்ட்டி, அம்மா உங்ககிட்ட கொடுக்கச் சொன்னாங்க," என்றாள்.

எனக்கு வைராக்கியம் பிடித்துக்கொண்டது. பழைய கண்ணாடியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். போன மாதம் அதே சங்கத்தின் கண்காட்சிக்குப் போய், தலைவர் முன்னால் குண்டைக் கவிழ்த்துப் பூதக்கண்ணாடியை நீட்டினேன்.

"சிவப்ப விடுங்க சார். கோடு எந்தப் பக்கம் ஓடுதுன்னு மட்டும் பாருங்க. உப்புத்தாள்ல தேச்சா ஒரே பக்கமாத்தானே ஓடும்?"

குனிந்து பார்த்தார். மெல்லிசும் ஆழமுமாகக் கீறல்கள் நாலா பக்கமும் ஓடின. மேசைமேல் காலமெல்லாம் இழுபட்ட கீறல்கள். குங்குமம் ஏறியிருந்ததால் ஒன்றுகூட ஒளிந்துகொள்ளவில்லை.

"அலமாக்!" என்று வியந்துபோனார். அடியில் நடுவே அந்தக் காலத்து முறையில் கையால் கடைந்திருந்த குழியையும் உள்ளே பூக்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நூறு வருஷத்துக்கு மேல இருக்கும்மா. நாந்தான் அவசரப்பட்டுட்டேன். அவங்க வரலையா? மன்னிப்புக் கேக்கணும்."

"அவ இல்ல சார். மைக்ல சொல்லுங்க."

சொன்னாரடி! அன்று சிரித்த அதே கூட்டம் எழுந்து கைதட்டியது. நான் அழுதுகொண்டே எல்லாருக்கும் கும்பிடு போட்டேன்.

நீ கோப்பிக் கடையில் கோப்பையைக்கூட அடியில் முத்திரை தேடிக் கவிழ்த்துப் பார்ப்பாய். அந்தப் பைத்தியம் இப்போது எனக்கும் வந்துவிட்டது. இன்று காலை மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, குண்டைக் கழுவிக் கவிழ்த்து, நடுக்குழியில் பொட்டு வைத்தேன். அன்று வாசலில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நின்றேனே, இன்று அதைச் சத்தமாகவே சொன்னேன்.

"உங்கப்பா கொடுத்தது அசல்தான்டி."