கையுறையைக் கழற்றச் சொன்ன குற்றம்

அனுப்புநர்:
ஸ்கூபா வழிகாட்டி, உரிமம் எண் 17,
படகுத்துறை, இரண்டாம் மேடை.

பெறுநர்:
கடல் விளையாட்டுப் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்,
துறைமுக அலுவலகம், மாடி அறை.

பொருள்: முக்குளிப்போருக்குக் கையுறையைக் கட்டாயமாக்கிய ஆணையை ரத்து செய்யவும், முடக்கப்பட்ட என் உரிமத்தைத் திருப்பித் தரவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கோபத்தைக் கரையில் வைத்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் பொறுத்தருள்க.

1. விருந்தினர் கையில் கீறல் படக்கூடாது என்ற நல்லெண்ணத்தில்தான் தாங்கள் ஆணையிட்டீர்கள். ஆனால் கையுறை ஏறியதும் மனிதருக்குத் துணிச்சலும் ஏறிவிடுகிறது. தடுமாறினால் பவளக் கொம்பைப் பிடிக்கிறார்கள். படம் எடுக்கவும் அதையே பிடிக்கிறார்கள். வளர ஆண்டுக்கணக்கில் ஆகும் கொம்பு ஒரே பிடியில் முறிகிறது. பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

2. ஆகவே என் படகில் கையுறைகளைக் கழற்றி வாளியில் போடச் சொன்னேன். வெறுங்கைக்குப் பயம் உண்டு. எல்லோரும் கைகட்டிக்கொண்டு சமர்த்தாக மிதந்து வந்தார்கள். இதற்காக என்மீது புகார் கொடுத்தவர் பக்கத்துப் படகின் வழிகாட்டி, அதாவது என் கூடப்பிறந்த தம்பி. தாங்களும் விசாரிக்காமலேயே என் உரிமத்தை முடக்கிவிட்டீர்கள்.

3. கையுறையால்தான் பவளம் முறிகிறது என்பதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டீர்கள். சென்ற ஞாயிறு காலை, இத்துறையின் மற்ற எட்டு வழிகாட்டிகளும் இறங்கி, தம்பியும் நானும் விருந்தினரை இறக்கும் இரு பக்கப் பாறைகளிலும் புதிய முறிவுகளை எண்ணினார்கள். உரிமமற்ற நான் படகில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். தம்பி இறங்கும் பக்கத்தில் நாற்பத்தொன்று. என் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை! மேலே வந்த தம்பி, "என் பக்கம் பார்க்கவே முடியலைக்கா, மூஞ்சியை எங்கே வச்சுக்கறது?" என்றான். நான் எழுந்து நின்று கைதட்டினேன். அலுவல் கடிதத்தில் எழுதக்கூடாததுதான், ஆனாலும் அவ்வளவு சந்தோஷம் ஐயா.

4. ஒரு வழிகாட்டியை நிறுத்திவைப்பது தங்களுக்கு எளிது. எனவே மற்ற எட்டுப் பேரும் தத்தம் உரிமங்களை இத்துடன் ஒப்படைக்கிறார்கள். ஆணை ரத்தாகும்வரை இத்துறையிலிருந்து ஒரு முக்குளிப்புப் படகும் புறப்படாது. ரத்தான மறுநாளே ஒன்பது படகும் புறப்படும், வெறுங்கையோடு. ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

தங்கள் கையெழுத்துக்காகக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
ஸ்கூபா வழிகாட்டி

இடம்: படகுத்துறை
நாள்: மார்ச் 14

இணைப்பு: வழிகாட்டி உரிமங்கள் எட்டு. முதலில் உள்ளது புகார்தாரருடையது.