நான்காம் கொட்டிலில் இருக்கும் மன்னரைப் பற்றிய விளக்கம்

மழை பொய்யாதிருக்க, நெல் பதராகாதிருக்க, அமைச்சன் தலை அமைச்சன் கழுத்திலேயே இருக்க.

பூம்புதர் நாட்டின் பட்டத்தரசியும், மூன்று ஆறுகளுக்கு உரியவரும், சினம் கொண்டால் போர்முரசுக்கு முன்னரே தாம் முழங்குபவருமாகிய எழினிமாதேவியாரின் திருவடிகளுக்கு, நிரல்பாடி நாட்டுத் தலைமை அமைச்சன் மாறொக்கன் தாழ்ந்து, முடிந்த மட்டும் இன்னும் கொஞ்சம் தாழ்ந்து, எழுதும் ஓலை.

தங்கள் ஏரிகள் நலமா? பசுக்கள் நலமா? தங்கள் கணவர் அழிசி வேள் மன்னர் நலம். அவர் எங்கள் யானைக் கொட்டிலில் கட்டப்பட்டிருக்கிறார்.

இது சிறைபிடிப்பு அன்று, தேவி. வீட்டுப்பாடம்.

எங்கள் நாட்டில் அரச பிள்ளைகள் வாள் பிடிக்கும் முன் நிரல் எழுதக் கற்க வேண்டும். செய்ய வேண்டியதைப் படிப்படியாக ஓலையில் எழுதிக் கொடுத்தால், ஏவலர் அதை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றுவர். ஓலையில் இல்லாத எதையும் யோசிப்பதில்லை என்று குலதெய்வத்தின் முன் சத்தியம் செய்தவர்கள் அவர்கள். இதுவரை ஒருவரும் சத்தியம் மீறியதில்லை. மீறுவதற்கும் யோசிக்க வேண்டுமே.

தொடக்கநிலை மாணவர்க்கு யானை வரிசையே பயிற்சி. ஐந்து கொட்டில்கள். வாசலிலிருந்து எத்தனை கொட்டில் தள்ளி என்பதே எண் ஆதலால், வாசலை ஒட்டியது பூச்சியம், கடைசியது நான்கு. நேற்று பூச்சியக் கொட்டில் யானை குளிக்கப் போயிருந்தபடியால், மற்றவற்றை வாசல் பக்கமாக ஓரிடம் நகர்த்துமாறு இளவரசர் நன்னாகன் பணிக்கப்பட்டார். அவரும், பூச்சியம் முதல் நான்கு வரை ஒவ்வொரு கொட்டிலிலும் அடுத்த இடத்தில் இருப்பதைக் கொண்டுவந்து கட்டுக என்று முத்துமுத்தான கையெழுத்தில் எழுதினார்.

மூன்றோடு நிறுத்தியிருக்க வேண்டும். கொட்டில் ஐந்து என்றால் ஐந்து முறை நகர்த்த வேண்டாமா என்று இப்போதும் எங்களையே கேட்கிறார். நான்காம் கொட்டிலுக்கு அடுத்த இடம் எங்கள் நாட்டிலேயே இல்லை. எல்லைச் சுவருக்கு அப்பால், தங்கள் மாந்தோப்பில் இருக்கிறது. மன்னர் அங்கே உண்ட மயக்கத்தில் கண்ணயர்ந்திருந்தார்.

தூக்கப்பட்டபோது மன்னர், “டேய், யாருன்னு தெரிஞ்சுதான் காலப் புடிக்கிறீங்களா? நான் ராஜாடா!” என்று திருவாய் மலர்ந்தருளினாராம். ஏவலர் தலைவன் கொற்றன், “இருந்துட்டுப் போங்க சாமி. அடுத்த எடத்துல இருக்கிறதக் கட்டச் சொல்லியிருக்கு. ராஜாவா யானையான்னு ஓலை கேக்கல” என்று பணிவுடன் பகர்ந்தானாம்.

மன்னருக்கு உபசாரத்தில் குறையில்லை. தேங்காய் நாரால் தேய்த்துக் குளிப்பாட்டினர். கவளம் சுவையாக உள்ளதென்று மறுபடியும் கேட்டு வாங்கினார். நெற்றிப்பட்டம் மட்டும் சற்றே பெரிது; மூக்கு வரை இறங்குகிறது.

அவிழ்த்துவிட்டால் என்ன என்று தாங்கள் கேட்கலாம். பிழை எழுதியவரே அதைத் திருத்தி எழுதினாலன்றி ஏவலர் கயிற்றைத் தொடார். இன்று பொழுது சாய்வதற்குள் மன்னர் வந்து சேராவிடில் சுவரை இடித்துப் படையோடு நுழைவதாகத் தாங்கள் விடுத்த ஓலை கண்டு, இளவரசரை உட்காரவைத்து உடனே எழுதச் செய்தோம். யானைகளையும் மற்றவரையும் ஒவ்வோரிடம் திருப்பி நகர்த்தும் நிரல் அது. அதை நானே இருமுறை படித்துப் பார்த்துவிட்டேன். பிழை எதுவும் தெரியவில்லை. முதல் ஓலையிலும் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே தேவியார், மாந்தோப்பில் அணிவகுத்து நிற்கும் படையை உடனே விலக்கி, அவ்விடத்தைக் காலியாக வைத்தருள வேண்டும். மாலையோடும் மேளத்தோடும் காத்திருப்பதில் தடையில்லை. ஆனால் சுவரைத் தாண்டி வருவது எதுவாயினும், மாலையிடும் முன் துதிக்கை உண்டா என்று ஒருமுறை பார்த்துக்கொள்க. இருந்தால் போர் தொடுக்க வேண்டாம், திருப்பி அனுப்புக. அடுத்ததை அனுப்புகிறோம்.

இப்படிக்கு, அரக்கு முத்திரை வைத்து இட்ட ஆணை. ஆணை என்பது வழக்கம் பற்றி எழுதியது, கெஞ்சல் என்று கொள்க.