சிவப்பு நூல் கேட்ட விரல்

அருப்புக்கோட்டை,
புதன் இரவு

அன்புள்ள சத்யபிரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் உன் மாமாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். உனக்கும் புனேயில் காய்ச்சல் தலைவலி ஒன்றுமில்லை என்று உன் அறைத்தோழி சொன்னாள், அது போதும், அதற்கு மேல் நலம் விசாரிக்கும் மனது எனக்கு இப்போது இல்லை. போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். மெசேஜைப் படித்துவிட்டு வாய் திறக்காமல் இருக்கிறாய். அதனால்தான் பேப்பரில் எழுதிக் கூரியரில் போடுகிறேன், இதைப் பாதியில் கட் பண்ண முடியாது பார்.

இங்கே மழை இல்லை. பந்தல்குடிப் பக்கம் மட்டும் ஒரு தூறல் விழுந்ததாம், நமக்கு அந்த மண்வாசனைகூட வரவில்லை. அப்பாவுக்கு ஈரோட்டு ஆர்டர் வந்து தறி எல்லாம் ஓடுகிறது, கூடவே கரண்டும் போய்ப் போய் வருகிறது. தறிக்கூடத்தில் வேலை பார்க்கும் கருத்தம்மாள் அக்கா நேற்று என்னை நிறுத்தி, "நம்ம புள்ள கம்ப்யூட்டர் சீட்டுல பைனலுக்குப் போயிருச்சாமே, எப்ப சுவீட்டு?" என்று கேட்டார்கள். நான் உள்ளே போய்விட்டேன். அவர்கள் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை, ஏனென்றால் நீ திருடினது அவர்களுடைய பேச்சை.

திருட்டு என்றால் உனக்குக் கோபம் வரும். வரட்டும். தறிக்கூடத்தில் ஓட்டம் தொடங்கிவிட்டால் பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் கேட்காது, அதனால்தான் நமக்குக் கைச்சாடை. நெற்றிப் பொட்டைத் தொட்டால் சிவப்பு நூல் தீர்ந்துவிட்டது, முடியைத் தொட்டால் கறுப்பு, பல்லைத் தொட்டால் வெள்ளை, கன்னத்தைத் தடவினால் மஞ்சள். நீ நடக்கப் பழகினதே அந்தச் சாடைக்கு நடுவில்தான். அந்தச் சாடையைக் கொண்டுபோய் பிரிட்ஜ் சீட்டாட்டப் போட்டியில் காமிரா முன்னால் போட்டிருக்கிறாயே, உனக்கு எப்படி மனது வந்தது?

அரையிறுதி அன்றைக்குக் கம்ப்யூட்டரில் ஒரு மேசையில் நாம் இருவரும் கூட்டாளிகள். இன்னொரு மேசையில் மாமாவும் நூல்கடை தங்கசாமி அண்ணாச்சியும். இரண்டு மேசைக்கும் ஒரே சீட்டுத்தான் பங்கிடுவார்கள், அதிர்ஷ்டத்துக்கு இடமில்லை, அதே சீட்டை யார் நன்றாக ஆடினார்கள் என்பதுதான் கணக்கு என்று எனக்கு விளக்கி, என்னை இந்த ஆட்டத்துக்குள் இழுத்துவிட்டதே நீ. நாகர்கோவில் அணிக்காரர்கள் துருப்பில்லாமல் ஒன்பது பிடி எடுப்பதாக ஏலம் கேட்டு முடித்தார்கள். முதல் சீட்டு நான் இறக்க வேண்டும். என் கையில் கிளாவர்தான் நிறைய, யாராக இருந்தாலும் அதைத்தான் இறக்குவார்கள். அப்போது திரையில் உன் நடுவிரல் பொட்டுக்குப் போனது. டைமனை அவர்களே ஏலத்தில் கேட்டுவிட்டார்கள், மிச்சமுள்ள சிவப்பு ஆட்டின். என் கை ஆட்டினை இறக்கிவிட்டது. நான் யோசித்து இறக்கவில்லை, கூடத்தில் யாராவது பொட்டைத் தொட்டால் என் கால் சிவப்பு நூல்கோன் இருக்கும் மூலைக்குத் திரும்புமே, அதே போலத்தான். உன்னிடம் ஆட்டினில் ஐந்து சீட்டு, ஒன்பது பிடி எடுக்க முடியாமல் அவர்கள் கவிழ்ந்தார்கள். இன்னொரு மேசையில் அதே சீட்டை வைத்து நம் அண்ணாச்சி ஒன்பது பிடி எடுத்துவிட்டார், ஏனென்றால் அங்கே எதிராளி ஒழுங்காகக் கிளாவர் இறக்கினார்.

அந்த நாகர்கோவில் அம்மா கோகிலாம்பாள், பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர்கள், தோற்ற கையோடு எனக்கு எழுதினார்கள், "நல்ல இறக்கம் அம்மா, எனக்குத் தோன்றியிருக்காது" என்று. எனக்கும்தான் தோன்றவில்லை. நன்றி என்று பதில் போட்டேன்.

அப்போதுகூட உன் மேல் சந்தேகப்படவில்லை, பிள்ளைக்கு நெற்றி அரித்திருக்கும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். இரண்டாம் பாதியில் நீ முடியைத் தொட்டாய். இந்தத் தடவை கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேறு சீட்டை இறக்கினேன், அவர்கள் பிடி எடுத்துப் போனார்கள். அப்படியும் முதல் பாதியில் வந்த அந்த ஒரு ஆட்டின் லாபத்திலேயே நாம் ஜெயித்தோம். முடிந்ததும் நீ போனில் என்ன சொன்னாய்? "ஏம்மா, தூங்கிட்டியா? முடியைத் தொட்டது தெரியலையா? நல்லவேளை, பொட்டாவது தெரிஞ்சுது" என்று சிரித்தாய். விளையாட்டுக்குச் செய்தாயா என்று கேட்டேன். "பொட்டைத் தொடக்கூடாதுன்னு எந்த ரூல் புக்குலம்மா இருக்கு?" என்றாய். அதோடு விட்டாயா, தெரிந்துதானே இறக்கினாய், பாதித் தப்பு உன்னுடையது என்று என்மேலேயே திருப்பிவிட்டாய்.

ஆமாம், பாதி என்னுடையது. அதை நீ சொல்லித் தர வேண்டியதில்லை, நடுவருக்கு நானே எழுதிவிட்டேன். கூட்டாளி மூலம் தெரியக்கூடாதது தெரிந்துபோனால் அதனால் லாபம் அடையாத சீட்டைத்தான் இறக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, நீ அனுப்பின அதே புத்தகத்தில், நீ படிக்காத பக்கத்தில். உன் கேள்விக்கும் அங்கேயே பதில் இருக்கிறது. பொட்டு என்று எழுதவில்லை. கூட்டாளியோடு ஏலத்தாலும் இறக்கும் சீட்டாலும் தவிர வேறு எதாலும் பேசக்கூடாது, அந்தப் பேச்சுக்கும் என்ன பொருள் என்று எதிராளி கேட்டால் ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அதில் பொட்டும் அடங்கும், முடியும் அடங்கும், இருமலும் அடங்கும். நாம் வீட்டில் பேசும் தெலுங்கில் பேசியிருந்தாலாவது ஆள் வைத்துக் கேட்டுக் கண்டுபிடிப்பார்கள். இதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று தேடி எடுத்தாயே, அந்தச் சாமர்த்தியம்தான் என்னைப் பயமுறுத்துகிறது. நாளைக்கு வேலைக்குப் போய் எங்கே எதைத் தொடுவாய்?

தங்கசாமி அண்ணாச்சியிடம் முதலில் சொன்னேன். கடையில் ஆள் இருந்தும் எழுந்து வெளியே வந்தார். "எந்தச் சீட்டு தாயி?" என்றார், சொன்னேன். போனில் அந்தப் பங்கீட்டை எடுத்துப் பார்த்தார், அணைத்துப் பையில் போட்டார். "அப்பம் நாம செயிக்கல. அவுக செயிச்சிருக்காக. அம்புட்டுதான?" என்று சொல்லிவிட்டுக் கடைக்குள் போய்விட்டார். உன்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

உன் மாமா உதயகுமாருக்குத்தான் என்மேல் கோபம். "ஏக்கா, கேமராவுக்கே சிக்காத புள்ளைய நீயா புடிச்சுக் குடுப்ப? மாநில டீமுல அவ இடம் போயிரும், தெரியும்ல?" என்று வாசலிலேயே நின்று சத்தம் போட்டான். தெரியும். நீ ஆசைப்பட்ட இடம் அது. படிப்புக்கு நடுவில் தூக்கம் கெட்டு ஆடிச் சேர்ந்த இடம். தெரிந்துதான் எழுதினேன். அந்த இடத்துக்குப் போகிற வழியில் நாகர்கோவிலில் யாரோ நான்கு பேரும் அதே போலத் தூக்கம் கெட்டுத்தான் ஆடியிருப்பார்கள் என்று சொன்னேன், வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான், இன்னும் பேசவில்லை.

அப்பா உன்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, சீட்டாட்டத்துக்கு இவ்வளவு அழுகையா என்று என்னைத்தான் கேட்டார். ஆனால் இன்றைக்குக் காலையில் கூடத்தில் சிவப்பு தீர்ந்துபோய், என்னைப் பார்த்து நெற்றிக்குப் போன கையைப் பாதியில் இறக்கிக்கொண்டார். தறியை விட்டுவிட்டு என் பக்கத்தில் நடந்துவந்து காதோரம் கத்தினார், சிவப்பு வேண்டும் என்று. எனக்கு அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. இதையும் நீ தெரிந்துகொள்.

இன்று மதியம் நடுவரிடமிருந்து பதில் வந்துவிட்டது. அந்த ஆட்டம் செல்லாது, பைனலுக்கு நாகர்கோவில் அணி போகிறது. உனக்கும் எழுதியிருப்பார்கள், உன் விளக்கம் கேட்டிருப்பார்கள், அதைப் பார்த்துத்தான் மாநில அணியில் உன் இடத்தை முடிவு செய்வார்களாம். நெற்றி அரித்தது என்று நீ எழுதலாம். எழுதினால் அடுத்து என்னைக் கூப்பிடுவார்கள், நான் காமிரா முன்னால் உட்கார்ந்து சிவப்பு, கறுப்பு, வெள்ளை, மஞ்சள் எல்லாவற்றையும் வரிசையாகச் செய்து காட்டுவேன். பெற்ற பிள்ளையை இப்படிச் செய்வாளா என்று யோசிக்காதே, செய்வேன்.

சாப்பாட்டை விட்டுவிட்டு அழுதுகொண்டு உட்காராதே. காலேஜுக்கு லீவு போடாதே. மாமாவுக்குப் போன் பண்ணி என்னைப் பற்றிக் குறை சொல்ல வேண்டுமானால் சொல், ஆனால் அண்ணாச்சிக்கு முதலில் போன் பண்ணு. நீ நல்ல புத்தியோடும் நீண்ட ஆயுசோடும் இருக்க வேண்டும் என்று இந்தக் கோபத்திலும் வேண்டிக்கொள்கிறேன், நல்ல புத்தியை முதலில் வேண்டிக்கொள்கிறேன். விளக்கத்தை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும், மறந்துவிடாதே. அனுப்பும் முன் எனக்குக் காட்டி, இப்படி எழுதட்டுமா அப்படி எழுதட்டுமா என்று கேட்காதே. எது சரி, எது தப்பு என்று என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவும் முயற்சி செய்யாதே, வெள்ளிக்கிழமை வரைக்கும் வீடியோவில் வர மாட்டேன். இந்தச் சீட்டை நீ தனியாகத்தான் இறக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் கூட்டாளியாக இருந்த அம்மா,
ச. காளீஸ்வரி