அம்மாவின் மேசைக்கு ஐந்து வாட் விளக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். இங்கே இருவரும் நலம் என்றுதான் எப்போதும் தொடங்குவேன், இந்த முறை அப்படி எழுதக் கை வரவில்லை. போனில் சொல்ல இரண்டு தடவை முயன்றேன், பேச்சு வேறெங்கோ போய்விட்டது. அதனால் எழுதுகிறேன், நிதானமாக உட்கார்ந்து படி. அம்மா வேலையை விட்டுவிட்டாள். பதினெட்டு வருடமாக நம் பின்னறையில் உட்கார்ந்து பதிப்பகத்துக்குப் பாடப்புத்தகப் பிழை திருத்திக் கொடுத்தவள், போன மாதத்தோடு நிறுத்திக்கொண்டாள். அவள் கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெட்டு, ஓரப் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. போனது திரும்பாது, மிச்சம் இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம் என்கிறார் டாக்டர்.

எப்படி நடந்தது என்று நீ கேட்பாய். நான் ஓய்வு பெற்று வந்ததும் முதலில் கை வைத்தது அந்த அறையில்தானே. முப்பத்திரண்டு வருடம் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்தவனுக்கு ஒரு சின்னச் சிவப்பு விளக்கு சும்மா எரிந்தாலும் பொறுக்காது, ‘அப்பா காதுக்குள்ளயே மீட்டர் ஓடுதும்மா’ என்று நீகூடக் கேலி செய்வாய். கம்ப்யூட்டர், பிரிண்டர், மோடம் எல்லாவற்றையும் ஒரே சுவிட்சில் கோர்த்தேன், அம்மா எழுந்து போனால் எல்லாம் அணைய வேண்டும். பழைய தாளின் பின்பக்கத்தில்தான் அச்சடிக்க வேண்டும் என்றேன். மை குறைவாகச் செலவாகும்படி பிரிண்டரை மாற்றி வைத்தேன். மேசைக்கு மேலே இருந்த டியூப் லைட்டைக் கழற்றிவிட்டு ஐந்து வாட் விளக்கு ஒன்றைப் போட்டேன். அந்த அறைக்கு ஆகும் மின்சாரம் பாதியாகக் குறைந்தது, குப்பைக்கூடை மாதத்துக்கு ஒருமுறைதான் நிறைந்தது, எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை, பக்கத்து வீட்டுத் தையல்காரரைக் கூட்டிவந்து காட்டினேன்.

போன வருடம்தான் அம்மா சொல்ல ஆரம்பித்தாள், ‘எழுத்து மங்கலா தெரியுதுங்க’ என்று. மை குறைத்து அச்சடித்தால் அப்படித்தான் இருக்கும் என்றேன். ‘வரியில அங்கங்க விட்டுப்போகுது’ என்றாள், பின்பக்கத்து எழுத்து ஊடே தெரிகிறது, பழகிவிடும் என்றேன். ‘வெளிச்சம் பத்தலைங்க, அந்தப் பழைய லைட்டையே மாட்டுங்களேன்’ என்று மூன்று தடவையாவது கேட்டிருப்பாள், மேசையை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டுவிட்டு, இவ்வளவு பெரிய சூரியனை வைத்துக்கொண்டு லைட் கேட்கிறாயே என்று சிரித்தேன். அவள் என்ன குறை சொன்னாலும் என் சிக்கனத்தில் அதற்கு ஒரு பதில் இருந்தது பாப்பா. அவளும் அதை நம்பினாள். இரண்டு பேரும் விளக்கைப் பற்றியே சண்டை போட்டோம், கண்ணைப் பற்றி ஒருவருக்கும் தோன்றவில்லை.

பிறகு பதிப்பகத்தில் அம்மாவுக்கு வேலை அனுப்பும் பதிப்பாசிரியை போன் செய்தாள். ஆறாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் பத்தொன்பது பிழை விட்டுப்போயிருக்கிறது, எல்லாம் வரி தொடங்கும் இடத்தில். ‘அக்கா, உங்க கையில இருந்து இப்படி வந்ததே இல்லையே, உடம்பு சரியில்லையா?’ என்று கேட்டிருக்கிறாள். அம்மா அன்று சாப்பிடவில்லை. அடுத்த வாரம் பாதி திறந்திருந்த கதவில் தோளை இடித்துக்கொண்டாள். மறுநாள் தண்ணீர் டம்ளரை மேசை ஓரத்துக்கு வெளியே, ஒன்றுமில்லாத இடத்தில் வைத்தாள். உடைந்ததைப் பார்த்து அவள் சிரித்தாள், நான் உடனே டாக்டரிடம் கூட்டிப் போனேன். எல்லாப் பரிசோதனையும் முடிந்ததும் அம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் திரும்பிப் போய், மங்கல் வெளிச்சத்தில் வேலை செய்ததால் வந்ததா என்று கேட்டேன். ‘இல்லைங்க, வெளிச்சத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல’ என்றார் டாக்டர். போன உயிர் திரும்பியது போல எழுந்தேன். கதவு வரை போய்விட்டு, ஒரு வருடம் முன்னாலேயே வந்திருந்தால் என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்து, ‘நிறைய காப்பாத்தியிருக்கலாம்’ என்றார். கேட்காமல் வந்திருக்கலாம்.

அன்று மாலையே டியூப் லைட்டை மாட்டினேன், பெரிய மேசை விளக்கு ஒன்றும் வாங்கி வைத்தேன். ‘இப்ப எதுக்குங்க இவ்வளவு, கண்ணு கூசுது, அணைச்சிடுங்க’ என்றாள். கையில் பாதியில் நின்ற ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தை மட்டும் முடிக்காமல் விடமாட்டேன் என்று பிடிவாதம். பெரிய எழுத்தில், புதுத் தாளில், முழு மையில் அச்சடித்தேன், ஒரு பக்கம் நான்கு தாள் ஆயிற்று. தாள் இப்படி வீணாகிறதே என்று இப்போது அவளுக்கு மனம் கேட்கவில்லை, என்னிடம் கற்றுக்கொண்டதுதானே. கடைசியில் நான் வாசிக்க வாசிக்க அவள் காதால் திருத்தினாள், ஒற்றெழுத்து ஒன்றை நான் விழுங்கினால் கையைத் தூக்குவாள். பதினொரு நாள் ஆயிற்று. முடித்ததும் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு மேசையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

நீயும் வீட்டிலிருந்துதானே வேலை பார்க்கிறாய். எழுந்து போகும்போது எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போ, தேவையில்லாமல் அச்சடிக்காதே, அதில் மாற்றமில்லை. ஆனால் நீ உட்கார்ந்து படிக்கிற இடத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். வீட்டில் யாராவது ஒரு குறை சொன்னால் அதற்குக் காரணம் சொல்ல அவசரப்படாதே, என்னைப் போல.

இதுவரை எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு பிழை திருத்தினாள். பிறகு, ‘உங்க மேலயே பழி போட்டு எழுதியிருக்கீங்களே, அதையெல்லாம் அடிச்சிடுங்க, புள்ள அங்க தனியா உட்கார்ந்து அழும்’ என்றாள். அடித்துவிட்டேன் என்று சொன்னேன். அவள் எட்டிப் பார்க்கவில்லை.

இந்த நோய் பெற்றவர்களுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வரலாமாம். கண்ணாடிக் கடையில் எழுத்துப் படித்துக் காட்டினால் போதாது, கண் டாக்டரிடம் போய் அழுத்தம் அளந்து நரம்பையும் பார்க்கச் சொல். இந்த மாதமே போ, போனதும் எங்களுக்குச் சொல். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் வாழ அம்மாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம்.

உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா