உப்பில்லாத கிழங்கு

கோலா சாவா ரப்பர் தோட்டம். 1944 ஐப்பசி, வெள்ளி இரவு.

இன்றும் மரவள்ளிக்கிழங்குதான். அவசரமாக மென்று என் நாக்கையே கடித்துக்கொண்டேன். ஜப்பான்காரன் வந்த பிறகு என் பல்லுக்குக் கிடைத்த ஒரே இறைச்சி அதுதான்.

"கறி ருசியா இருக்காப்பா?" என்று மகள் செல்லம்மா சிரித்தாள். சிரித்ததில் புண்ணாயிருந்த வாயோரம் வெடித்து ரத்தம் கசிந்தது. நாக்கை நீட்டச் சொன்னேன். சொரசொரப்பே இல்லாமல், தோலுரித்ததுபோல் சிவந்து வழவழவென்று இருந்தது.

"கிழங்குல உப்பே இல்லப்பா. போட மறந்துட்டீங்களா?" என்றாள்.

வீட்டில் மிச்சமிருந்த உப்பையெல்லாம் போட்டுத்தான் அவித்திருந்தேன். எனக்குக் கரித்தது.

"உங்கப்பனுக்கு மண்டையில ஒண்ணும் நிக்கிறதில்லம்மா" என்று நானும் சிரித்துவைத்தேன்.

மாசியில் செத்துப்போன அவள் அம்மாவும் கடைசியில் உப்பில்லை, உப்பில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் நாக்கும் இப்படித்தான் இருந்தது. அதை மட்டும் பிள்ளையிடம் சொல்லவில்லை.